ஒரு பக்கம் வழிகிறது, ஒரு பக்கம் குறைகிறது: குழந்தைக்குப் பால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 24. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முதல் குழந்தை, பையன், சிசேரியன். 10 வாரம் முடிந்திருக்கிறது. பிறந்தபோது 2.8 கிலோ, 6-வது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது 3.9, இப்போது 10-வது வாரத்தில் 4.7. இடது மார்பில் பால் தானாக வழிந்து நைட்டி நனைகிறது. வலது பக்கம் வைத்தால் இரண்டு நிமிஷம் குடித்துவிட்டு, முதுகை வளைத்துக்கொண்டு அழுகிறான். மெடிக்கலில் பம்ப் வாங்கி எடுத்துப் பார்த்தேன். இடதில் 80 மில்லி, வலதில் 20 மில்லிதான். "அது வறண்ட பக்கம், அதைக் கொடுத்துப் பிள்ளையை ஏமாத்தாதே" என்கிறார் அத்தை. பக்கத்து வீட்டு அக்கா, இடது பக்கம் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் அது குறைந்து இது ஏறும் என்கிறார். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் கணவர் போன ஞாயிறு வரும்போது பால் பவுடர் டின் வாங்கி வந்துவிட்டார். இன்னும் பிரிக்கவில்லை. வீட்டில் இரண்டு கறவை மாடு உண்டு, அதற்கு வேளாவேளைக்குத் தீனி பார்க்கிற மாதிரி என்னையும் அத்தை பார்த்துக்கொள்கிறார். சுறாப்புட்டு, பூண்டு எதற்கும் குறைவில்லை. ஆனாலும் வலது பக்கம் ஏறவில்லை. ஜாக்கெட் போட்டால் ஒரு பக்கம் பெரிதாகத் தெரிகிறது, வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு மார்பிலும் ஒரே அளவு பால் சுரக்கிற தாயைத் தேடினால்தான் கஷ்டம். பிரசவ வார்டில் செவிலியராக இருந்த காலத்திலும் சரி, இப்போது பாலூட்டல் ஆலோசகராக இருக்கும்போதும் சரி, "அக்கா, எனக்கு ஒரு பக்கம் கம்மி" என்று சொல்லாத தாய்மார்கள் குறைவு. கொஞ்சம் வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கும். உங்களுக்குச் சற்று அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். அது ஏன் வந்தது என்பதும் உங்கள் கடிதத்தில் பாதி தெரிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த எடைக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். 6-வது வாரத்துக்கும் 10-வது வாரத்துக்கும் நடுவே 28 நாள். அந்த 28 நாளில் 800 கிராம் ஏறியிருக்கிறான். நாளுக்குச் சராசரி 28, 29 கிராம் வருகிறது. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். டின் இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்த 800 கிராமும் உங்கள் பாலில் வந்தது. 80, 20 என்று பம்ப் காட்டியதை மறந்துவிடுங்கள். தராசு காட்டியதை நம்புங்கள்.

பம்ப் பால் எடுக்கிற கருவி, பாலை அளக்கிற கருவியாக அதை வைத்துக்கொள்ள முடியாது. நன்றாகப் பிடித்துக் குடிக்கிற குழந்தை எடுக்கிற அளவு பெரும்பாலும் பம்ப் எடுக்காது. பையன் எப்போது குடித்து முடித்தான், எந்தப் பக்கம் கடைசியாகக் குடித்தான் என்பதைப் பொறுத்து ஒரு மணி நேரத்தில் அந்தக் கணக்கே மாறும். பம்பின் கப் காம்புக்குப் பொருந்தாவிட்டாலும் பால் குறைவாகத்தான் வரும். அப்புறம், பயத்தோடு பாட்டிலையே பார்த்துக்கொண்டு எடுத்தால் பால் இறங்குவதே தாமதமாகும். பால் இறங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். மனசு பதறினாலும் உடம்பு வலித்தாலும் அது தடைபடும்.

எடையோடு இன்னொன்றும் பாருங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறானா, அது மஞ்சளாகக் கெட்டியாக இல்லாமல் வெளிறி இருக்கிறதா? இருக்கிறது என்றால் பால் போதுகிறது. மலம் பற்றிக் கவலை வேண்டாம். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை சில நாளைக்கு ஒரு தடவை போனாலும் அது இளக்கமாக இருந்தால் சரிதான்.

இப்போது, ஏன் ஒரு பக்கம் குறைகிறது என்பதற்கு வருகிறேன். வீட்டில் மாடு இருக்கிறது என்று எழுதியதால் உங்கள் அத்தைக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். மாட்டு மடியில் நான்கு காம்பும் நான்கு தனிச் சுரப்பி. ஒரு காம்பில் மடிவீக்கம் வந்து சில நாள் கறக்காமல் விட்டால் அந்தக் காம்பு மட்டும் வற்றும், மற்ற மூன்றும் வழக்கம்போலக் கறக்கும். தீனியும் தண்ணீரும் ஒன்றுதான், ஆனாலும் அப்படி ஆகிறது. நமக்கும் இரண்டு மார்பும் தனித்தனிதான். பிரசவமான முதல் சில நாள் ஹார்மோனே இரண்டு பக்கமும் பால் வரச் செய்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் எவ்வளவு பால் வெளியே எடுக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் அவ்வளவு சுரக்கும். பால் தேங்கியே நின்றால் அந்தப் பக்கத்துச் சுரப்பி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்து மார்பு என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு சந்தேகம் தானாகவே தீர்ந்துவிடும். ஒன்று, சுறாப்புட்டும் பூண்டும். நன்றாகச் சாப்பிடுங்கள், உங்கள் உடம்புக்கு அது வேண்டும். ராகிக் களியும் கீரையும் பருப்பும் கூட வேண்டும். ஆனால் நீங்கள் சாப்பிட்டது ரத்தத்தில் சேர்ந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் போகிறது, வலது பக்கத்துக்கு மட்டும் தனியாகப் போகாது. எனவே சாப்பாட்டால் இந்த ஏற்றத்தாழ்வு சரியாகாது. இன்னொன்று, இடது பக்கத்துப் பால் வலதிலிருந்து பிடுங்கியது என்ற எண்ணம். அப்படி எதுவும் இல்லை. இடதைக் குறைத்தால் வலது ஏறாது.

மல்லிகைப் பூ விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உங்கள் பக்கம் மல்லிகை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் என்பதால் சுலபமான வைத்தியமாகவும் தோன்றும். ஆனால் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது பாலை வற்ற வைக்கிற வைத்தியம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் கட்டி வலிக்காமலிருக்க நம் கிராமங்களில் செய்துவந்தது அது. இது வெறும் நம்பிக்கையும் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் வற்றச் செய்யும் மாத்திரையோடு மல்லிகைப் பூவை ஒப்பிட்டுப் பார்த்து 1988-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பூ கட்டிய பெண்களுக்கும் பால் குறைந்தது, ரத்தத்தில் புரோலாக்டின் அளவும் இறங்கியது. புரோலாக்டின்தான் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன், அது இரண்டு மார்புக்கும் பொது. இடது பக்கம் பூவைக் கட்டிவிட்டு வலது ஏறும் என்று காத்திருந்தால் இரண்டும் இறங்கத்தான் வாய்ப்பு. இந்த 4.7 கிலோவைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அந்த இடது மார்பு. அதைத் தொடாதீர்கள்.

சரி, வலது பக்கம் எப்படிக் குறைந்தது? நீங்கள் எழுதாததை நான் ஊகிக்கிறேன், சரியா என்று யோசித்துப் பாருங்கள். சிசேரியன் முடிந்ததும் சலைன் ஏற்றியது எந்தக் கையில்? வலது கை என்றால் முதல் இரண்டு நாள் குழந்தையை இடது கையில்தான் வாங்கியிருப்பீர்கள். பால் ஊற ஆரம்பிக்கிற அந்த நாட்களில் இடது பக்கம் முன்னே போய்விட்டிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் இடது கையில் பிள்ளை, வலது கையில் வேலை என்பதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். புடவையும் அதற்குத் தோதாக இருக்கிறது. முந்தானை இடது தோளில் விழுவதால் நாலு பேர் இருக்கிற இடத்தில் இடது பக்கம் கொடுப்பது மறைவாக, சுலபமாக இருக்கும். வலது பக்கம் கொடுக்க வேண்டுமென்றால் துணியை இழுத்து, சரிசெய்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்து... அதற்குள் பிள்ளை அழும். நாளுக்கு ஒன்றிரண்டு வேளை இப்படித் தவறினாலே போதும், பத்து வாரத்தில் நீங்கள் சொல்லும் வித்தியாசம் வந்துவிடும்.

பிள்ளை பக்கத்துக் காரணமும் இருக்கலாம். பையன் படுத்திருக்கும்போது தலையை எப்போதும் ஒரே பக்கம்தான் திருப்புகிறானா? மறுபக்கம் கிலுகிலுப்பை ஆட்டினால் கழுத்தைத் திருப்பத் தயங்குகிறானா? சில குழந்தைகளுக்குக் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுக்கமாக இருக்கும். ஒரு மார்பில் வைக்கும்போது சுகமாகவும் மறு மார்பில் வைக்கும்போது வலியாகவும் இருக்கும். குழந்தை நல மருத்துவரிடம் காட்டினால் சின்னச் சின்னப் பயிற்சிகளிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். தொடையில் தடுப்பூசி போட்ட இரண்டு மூன்று நாள், போட்ட இடம் உங்கள் வயிற்றில் அழுந்தினாலும் அழுவான். காது வலி, மூக்கடைப்பு இருந்தாலும் ஒரு பக்கத்தை மறுக்கலாம். உங்கள் வலது காம்பு கொஞ்சம் தட்டையாக இருந்தாலும் பிடிக்கச் சிரமப்படுவான். இவற்றில் எதுவும் இல்லையென்றால் காரணம் எளிது. இடதில் வாய் வைத்ததும் பால் பீறிட்டு வருகிறது, வலதில் சப்பிச் சப்பி ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பத்து வாரப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வலது பக்கத்தை ஏற்ற முடியுமா என்றால், முடியும். பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். ஒரே நாளில் எதிர்பார்க்காதீர்கள்.

பையன் பசியில் கத்த ஆரம்பிப்பதற்கு முன்பே, கையை வாயில் வைத்து நக்குகிறபோதே வலது பக்கம் வையுங்கள். அழுது களைத்த பிறகு வைத்தால் நிச்சயம் தள்ளிவிடுவான். பாதித் தூக்கத்தில் இருக்கும்போது, விளக்கை அணைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுத்துப் பாருங்கள். பகலில் மறுக்கிற பிள்ளைகள் நடுராத்திரி இரண்டு மணிக்குக் கேள்வி கேட்காமல் குடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரவில் புரோலாக்டின் அதிகமாக இருப்பதால் அந்த நேரத்துப் பால் சுரப்புக்கு இன்னும் நல்லது.

அப்படியும் முதுகை வளைத்தால் இந்த வழி. இடது பக்கம் வழக்கம்போல மடியில் குறுக்காகப் போட்டுக் கொடுக்கிறீர்கள் அல்லவா? தலை இடது மார்பில், கால் உங்கள் வலது பக்கம் நோக்கி இருக்கும். பால் இறங்கி அவன் இரண்டு மூன்று வாய் விழுங்கியதும், உங்கள் சுண்டுவிரலை அவன் வாயோரத்தில் நுழைத்து மெதுவாக விடுவித்து, அவனைத் திருப்பாமல் அதே வாக்கில் வலது பக்கமாக நகர்த்துங்கள். தலை வலது மார்புக்கு வரும், உடம்பு உங்கள் வலது அக்குளுக்குக் கீழே போகும், கால் முதுகுப் பக்கம் நீளும். பையை அக்குளில் இடுக்கிக்கொள்வது போல இருக்கும். கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் படுத்த வாக்கு மாறவில்லை, முகம் பார்க்கிற திசை மாறவில்லை, பாலும் அதற்குள் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். வயிற்றுத் தையல் மேல் பாரம் விழாது என்பதால் சிசேரியன் ஆன உங்களுக்கும் இது வசதி. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பின்னந்தலையைப் பிடித்து மார்போடு அழுத்தாதீர்கள். இரண்டு தடவை அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் என்றாலே பயப்படுவான்.

குடித்து முடித்ததும், நாளுக்கு நாலைந்து தடவை, வலது பக்கத்தில் மட்டும் கையால் பத்து நிமிஷம் பால் எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியை மார்பில் சிறிது நேரம் வைத்து எடுங்கள். கட்டை விரலும் மற்ற விரல்களும் கருவட்டத்தின் ஓரத்தில் இருக்கட்டும். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, பிறகு விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு ஸ்பூன்தான் வந்தது என்றாலும் பரவாயில்லை, சொட்டுகூட வராவிட்டாலும் பரவாயில்லை. "இன்னும் வேண்டும்" என்று அந்தப் பக்கத்துக்குச் சேதி போய்விட்டது. எடுத்த பாலைக் கொட்டாதீர்கள். பாலாடையில் கொடுத்துவிடுங்கள், பாட்டில் வேண்டாம். மூடி வைத்தால் சாதாரண அறையில் நாலு மணி நேரம் இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதைவிடச் சீக்கிரம் கொடுத்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் செய்கிற ஆர்வத்தில் இடது பக்கத்தைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். அங்கே பால் கட்டி, கல் மாதிரி ஆகி, காய்ச்சலில் கொண்டுபோய் விடும். வலது முதலில், இடது பிறகு, இரண்டும் உண்டு. வலது பக்கம் குடிக்கிற நேரத்தில் இடது ரொம்பப் பாரமாக இருந்தால், பாரம் இறங்குகிற அளவு மட்டும் கையால் எடுத்துவிடுங்கள். பம்ப் வைத்து முழுக்க எடுக்காதீர்கள், எடுக்க எடுக்க அது இன்னும் ஏறும். இடதில் பால் வேகமாக வந்து புரை ஏறினால் நீங்கள் பின்பக்கம் சாய்ந்து, பையனை நெஞ்சின் மேல் போட்டுக் கொடுங்கள்.

இத்தனையும் செய்து வலது ஏறவில்லை என்றால்? அப்போதும் உங்கள் பையனுக்கு ஒன்றும் ஆகாது. மாதம் ஒன்று முடிந்த பிள்ளை நாளுக்குச் சுமார் 750, 800 மில்லி குடிக்கும். ஒரே மார்பு அதைக் கொடுக்க முடியும். இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் என்று கொடுத்து வளர்ப்பதை நினைத்துப் பாருங்கள், அங்கே ஒரு மார்பு ஒரு முழுப் பிள்ளையை வளர்க்கிறது. புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்த பெண்கள் மீதி ஒன்றில் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு தாயைப் பார்த்தேன். சிறு வயதில் சுடுதண்ணீர் கொட்டி ஒரு மார்பு முழுக்கத் தழும்பு. அந்தப் பக்கம் பால் வரவேயில்லை. ஆறு மாதம் வரை மறு பக்கத்திலேயே, வேறு எதுவும் கொடுக்காமல் வளர்த்தார். வலது பக்கத்தை ஏற்றுங்கள் என்று நான் சொல்வது, இரண்டு பக்கமும் பழக்கத்தில் இருந்தால் உங்களுக்கு வசதி, ஒன்றில் புண்ணோ வலியோ வந்தால் மற்றது கைகொடுக்கும் என்பதற்காகத்தான்.

"வறண்ட பக்கம்" என்று அத்தை சொன்னதற்கும் இதுவே பதில். பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டாலே அங்கே பால் இருக்கிறது. குறைவாக வருகிற பாலும் பால்தான், அதன் சத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் உங்களுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கிறவர், பேரன் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். தடுப்பூசி அட்டையில் உள்ள மூன்று எடையையும் அவருக்குக் காட்டிப் பேசுங்கள். காம்புக் கதையைச் சொன்னால் உங்களைவிட அவருக்கு நன்றாகப் புரியும்.

அந்த டின்னைப் பிரிக்க வேண்டாம். கடையில் திருப்பி வாங்கினால் கொடுத்துவிடுங்கள். பவுடர் பால் குடித்த வேளை அவன் உங்களிடம் குடிக்க மாட்டான், அந்த வேளைக்கு உங்கள் பக்கம் சுரப்பு இறங்கும், இறங்கியதைப் பார்த்து இன்னொரு வேளை பவுடர் சேரும். வலது பக்கம் குறைந்த அதே வழியில் இடதும் குறையும். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று டின் மேலேயே அச்சடித்திருக்கும், 1992-ல் வந்த சட்டப்படி அதைப் போட்டே ஆக வேண்டும். உங்கள் கணவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். என்றைக்காவது எடை ஏறாமல் நின்று, பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு, அப்போது வெட்கப்படவும் வேண்டாம். இன்றைக்கு அதற்கு அவசியமில்லை.

சில விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. மார்பில் ஒரு இடம் சிவந்து, சூடாகி, கெட்டியாக வலித்து, குளிர் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் கட்டி பழுக்கும். அந்த நாட்களில் பால் கொஞ்சம் உப்புக் கரிக்கும் என்பதால் பிள்ளை முகம் சுளிக்கலாம், அதற்காகப் பயப்படாதீர்கள். கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டு, பால் கொடுத்த பிறகும் கரையாமல் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் வந்தாலோ, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழிந்தாலோ, இத்தனை நாள் விருப்பமாகக் குடித்த பக்கத்தைக் காரணமே தெரியாமல் பிள்ளை திடீரென்று அடியோடு மறுத்தாலோ கட்டாயம் காட்டுங்கள். அநேகமாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பால் கொடுக்கிற காலத்திலும் தாராளமாக எடுக்கலாம். கர்ப்பமாக இருந்தபோது வலது மார்பு மட்டும் கொஞ்சமும் பெரிதாகவில்லை என்று உங்களுக்கு நினைவிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். நடுவில் சந்தேகம் வந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டு, பிள்ளை குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

ஜாக்கெட் கூச்சம் எனக்குப் புரிகிறது. சின்ன விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன், அதனால் வெளியே போகாமலே இருக்கிறீர்களே. பால் மறக்கடித்த பிறகு இந்த வித்தியாசம் பெரும்பாலும் முன்பிருந்த அளவுக்கு வந்துவிடும். அதுவரைக்கும் கொஞ்சம் தளர்வான, முன்பக்கம் திறக்கிற பருத்தி ஜாக்கெட் இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், இடது பக்கம் பால் கட்டும். வலது பக்கம் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்தால் வெளியே தெரியாது. இடது பக்கம் வழிகிறபோது உள்ளங்கையால் மார்பை ஒரு நிமிஷம் நேராக அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டிலிருந்து தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்திருக்கிறார்கள். பயணத்தில் அப்படி ஒரு அறை கிடைத்தால் நிதானமாக உட்கார்ந்து வலது பக்கத்தைக் கொடுங்கள், அங்கே முந்தானைத் தொந்தரவு இல்லை.

14-வது வாரத் தடுப்பூசிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. அன்றைக்கு அட்டையில் என்ன எடை எழுதினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். சலைன் ஏற்றியது எந்தக் கை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.